அவசரம் என்கிற கட்டம்

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் முதலுதவி அறைக்குள் போன யாரும் ஒரு மாத்திரையாவது வாங்காமல் வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் அங்கே இருந்த நர்ஸுக்கு முகத்துக்கு நேரே ‘சிஸ்டர்’ என்றும் முதுகுக்குப் பின்னால் ‘மாத்திரை சிஸ்டர்’ என்றும் பெயர். அவருக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார். பத்தொன்பது வருஷமாக அதே அறை, அதே ரெக்சின் கட்டில், அதே எடை மெஷின். அந்த மெஷின் எல்லோருக்கும் இரண்டு கிலோ குறைத்துத்தான் காட்டும். ரிப்பேர் செய்துவிடாதீர்கள் என்று பேக்கிங் பிரிவுப் பெண்கள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் சிஸ்டரும் அதன்மேல் கை வைக்கவில்லை.

வீட்டில் கணவரும் அப்பாவும். கணவர் எலெக்ட்ரீஷியன், பேச்சு குறைவு. அவர் பேசாமல் மிச்சம் வைத்ததையெல்லாம் சேர்த்து அப்பா பேசிவிடுவார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். யாராவது வாசற்படியில் நின்று பேசினால் இன்றைக்கும் “உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு” என்பார். மூன்று வருஷமாக அவருடைய சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம். வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் படுத்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். “ட்யூட்டிக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். இதையெல்லாம் தாங்குவது கம்பெனியின் மருத்துவத் திட்டம். அதில் தொழிலாளிகளின் அம்மா, அப்பாவுக்கும் இடம் உண்டு. அது மட்டும் இல்லையென்றால் அந்தக் குடும்பம் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்காது. சிஸ்டருக்கு அது நன்றாகத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும், ஆனால் அதைப் பற்றி மட்டும் அவர் வாயே திறக்க மாட்டார்.

ஒருநாள் எச்.ஆர். சார் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷன்தான். எந்தக் காகிதத்தையும் பாதி படித்துவிட்டு மீதியைத் தானே ஊகித்துக்கொள்கிற பழக்கம் ஒன்றுதான் அவரிடம் குறை.

“சிஸ்டர், இன்ஷூரன்ஸ்காரங்க லெட்டர் போட்டிருக்காங்க. நம்ம ஆளுங்க எதுக்கெடுத்தாலும் அவசரப் பிரிவுக்கு ஓடுறாங்களாம். போன ஆறு மாசத்துல நூத்தி இருபத்தி நாலு தடவை. தலைவலின்னா அங்க, தும்மல்னா அங்க. போனா சும்மா விடுவாங்களா? ஸ்கேன் எடு, ரத்தம் எடு, படுக்க வைன்னு பில்லைத் தீட்டிடறாங்க.”

“என்ன செய்யணுமாம் சார்?”

“அடுத்த ஆறு மாசத்துல அவசரப் பிரிவுக்குப் போறது பாதியாகணும். அறுபத்திரண்டைத் தாண்டினா, திட்டத்தைப் புதுப்பிக்கும்போது அப்பா அம்மாவை எடுத்துடுவாங்க.”

“சரி சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு சிஸ்டர் எழுந்து வந்தார். அறைக்கு வந்ததும் அவரே ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் பழைய சீட்டுகளை எல்லாம் கட்டிலில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். அந்தச் சீட்டுகளின் கதை இதுதான்: வேலை நேரத்தில் உடம்பு சரியில்லை என்று யார் வந்தாலும் சிஸ்டர் ஒரு சீட்டு எழுத வேண்டும். அதில் இரண்டு கட்டம். ‘சாதாரணம்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தால் மாத்திரையை விழுங்கிவிட்டு மெஷினுக்குத் திரும்ப வேண்டியதுதான். ‘அவசரம்’ என்ற கட்டத்தில் அடித்தால் கேட் உடனே திறக்கும், கம்பெனி வேன் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடும். எதில் அடிப்பது என்பதற்கு சிஸ்டர் கேட்பது ஒரே கேள்வி: “அவசரமா?” அவர்கள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், நாளைக்கு நம் தலையில் விடியக் கூடாது என்பது முன்பிருந்த மேனேஜர் போட்ட உத்தரவு. அந்த மேனேஜர் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆயிற்று. உத்தரவு மட்டும் சாகவில்லை.

‘அவசரம்’ என்று டிக் அடித்த அத்தனை சீட்டும் அவருடைய கையெழுத்துதான். கழுத்துப் பிடிப்பு, அவசரம். கண்ணில் தூசி, அவசரம். வாய்ப்புண், அவசரம். வாய்ப்புண்ணுக்கு என்ன அவசரம் என்று தனக்கு அப்போது ஏன் தோன்றவில்லை என்று சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். அதிலும் ஒரே ஆள் பதினோரு தடவை போயிருந்தார். பெட்டி ஒட்டும் பிரிவில் இருபது வருஷமாகப் பசை கலக்குகிறவர். விரல்களில் எந்நேரமும் காய்ந்த பசை உரிந்துகொண்டிருப்பதால் எல்லோருக்கும் அவர் பசை அண்ணன்.

சிஸ்டர் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“அண்ணே, பதினோரு தடவை எமர்ஜென்சிக்குப் போயிருக்கீங்க. ஒரு தடவைகூட உங்களைப் பெட்ல சேர்க்கல. எதுக்குண்ணே இப்படி?”

“நீங்கதானே சிஸ்டர் அனுப்பினீங்க.”

“நான் அவசரமான்னு கேட்டேன். நீங்க ஆமான்னீங்க.”

“அவசரம்தானே. மூணரைக்கு மருமக வேலைக்குப் போயிடுவா. பேத்திய நான்தான் பாத்துக்கணும். சாதாரண டாக்டர் அஞ்சு மணிக்குத்தான் வர்றாரு, டோக்கன் வாங்கிட்டு உக்காந்தா ஏழாயிடும். இந்தப் பக்கம் வாசல்ல போனா உடனே பாத்துடறாங்க.” அவர் முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. “அவசரமா இருக்கறவங்களுக்குன்னு தனியா ஒரு வாசல் வச்சிருக்காங்களேன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? நீங்களும் மறக்காம அவசரமான்னு கேட்டீங்க. நம்ம கஷ்டம் தெரிஞ்சவங்கன்னு வீட்டுல சொல்லி சொல்லி மாஞ்சு போனேன்.”

சிஸ்டர் கையிலிருந்த சீட்டுக் கட்டைக் கீழே வைத்தார்.

“நான் உங்க உடம்புக்கு அவசரமான்னு கேட்டேண்ணே.”

“உடம்புக்குன்னு நீங்க எங்க கேட்டீங்க?”

கேட்கவில்லைதான். பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. அடுத்த நாலு நாளில் சிஸ்டர் இன்னும் இருபது பேரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். ஒருத்திக்குக் கடைசி பஸ். ஒருவருக்கு வீட்டுக்காரர் சாவியோடு காத்திருக்கிறார். இன்னொருவருக்கு மச்சினன் பெண் பார்க்கப் போகிறான், அவர் இல்லாமல் கிளம்ப மாட்டானாம். எல்லோருக்கும் உடம்பிலும் ஏதோ இருந்தது, பொய் இல்லை. ஆனால் அவசரம் வேறு இடத்தில் இருந்தது. காய்ச்சல் நாளை வரை பொறுக்கும், மச்சினன் பொறுக்க மாட்டான்.

சிஸ்டர் சீட்டை மாற்றினார். பிரிண்டிங் பிரிவிலேயே அடித்து வாங்கிய புதுச் சீட்டில் ‘அவசரம்’ என்ற கட்டம் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒன்று ‘உடம்புக்கு அவசரம்’. இன்னொன்று ‘ஆளுக்கு அவசரம்’. முதல் கட்டத்துக்கு அவர் கேள்விகளைத் தானே எழுதி மேசையில் ஒட்டிவைத்துக்கொண்டார்: மூச்சு எப்படி, நெஞ்சு எப்படி, ரத்தம் நிற்கிறதா, பேச்சு குழறுகிறதா, எப்போது தொடங்கியது. இதில் எதற்காவது பதில் சரியில்லையென்றால் வேன். மற்றவர்கள் எல்லாம் ஆளுக்கு அவசரம்.

அந்த அவசரத்துக்கும் வழி சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. சிஸ்டர் நேராக எச்.ஆர். சாரிடம் போய் நின்றார்.

“சார், ஷிப்ட் மாறுற நேரத்துல, ஒரு மணியிலேர்ந்து மூணு வரைக்கும், பக்கத்துத் தெரு கிளினிக் டாக்டரம்மாவை இங்க வரச் சொல்லுங்க. அவங்க கிளினிக் அந்த நேரம் மூடித்தான் இருக்கும். நான் பேசிட்டேன்.”

“பெட்டி செய்யற இடத்துல டாக்டர் எதுக்கு சிஸ்டர்?”

“பெட்டி செய்யறது மனுஷங்கதானே சார்.”

எச்.ஆர். சார் அரை மனசாகத் தலையாட்டினார். சிஸ்டருக்கு அந்த அரை போதும். ஒரு மேசை, இரண்டு நாற்காலி கிடைத்தன. மறைப்புக்குத் திரை வேண்டும் என்றதும் பசை அண்ணனே ஐந்தடுக்கு அட்டையில் ஆள் உயரத்துக்கு ஒரு தட்டி செய்து கொண்டுவந்து நிறுத்தினார். மீந்துபோன அட்டை என்பதால் அதன்மேல் பெரிய எழுத்தில் ‘உடையும் பொருள், கவனமாகக் கையாளவும்’ என்று அச்சடித்திருந்தது. டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, என் கிளினிக்குக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்றார்.

முதல் மாதம் பதினேழு பேர் அவசரப் பிரிவுக்குப் போனார்கள். அடுத்த மாதம் பன்னிரண்டு. சிஸ்டர் ஒரு கரும்பலகை வாங்கி அறை வாசலில் மாட்டினார். வேன் ஆஸ்பத்திரிக்குப் போகப் போக எண்ணை அழித்து எழுதுவார். கீழே, ‘அறுபத்திரண்டைத் தாண்டினால் அப்பா அம்மாவுக்குத் திட்டம் கிடையாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தார். அன்றிலிருந்து தொழிற்சாலை முழுக்க அதே பேச்சு. காலையில் உள்ளே வருகிறவர்கள் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் மெஷினுக்குப் போனார்கள். ஒருவர் தும்மினால் நாலு பேர், “ஆளுக்கு அவசரமா, உடம்புக்கு அவசரமா?” என்று கேட்டு அவரை வாட்டி எடுத்தார்கள். பசை அண்ணன் ஐந்து மாதமாக ஒரு தடவைகூட வேனில் ஏறவில்லை. தட்டிக்குப் பின்னால் டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு மூன்று மணிக்குள் பேத்தியிடம் போய்விடுவார். “என்னை மாத்தின புண்ணியம் உங்களுக்குத்தான் சிஸ்டர்” என்பார். சிஸ்டருக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் தினமும் எண்ணைச் சொல்வார். அப்பா, “எத்தனை ஏறிச்சு?” என்பார். “ஏறல” என்றால், “ரைட், போலாம்” என்பார்.

கடைசி மாதம் இழுத்தது. ஒரு கை மெஷினில் மாட்டியது, ஒரு பெண்ணுக்கு வலிப்பு, ஒருவர் வாந்தியில் சுருண்டுவிட்டார். அனுப்பாமல் இருக்க முடியுமா? கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பு பலகையில் அறுபத்திரண்டு வந்து நின்றது. அந்த மூன்று நாளும் சிஸ்டர் கதவுச் சத்தம் கேட்டாலே நிமிர்ந்து பார்த்தார்.

கடைசி நாள், காலை பத்து மணி. பசை அண்ணன் வந்தார். வழக்கமாக வாசலிலிருந்தே கதையைத் தொடங்குகிறவர், அன்றைக்குப் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஒண்ணும் இல்ல சிஸ்டர். கேஸ் மாதிரி இருக்கு. ஒரு மாத்திரை குடுங்க, போயிடறேன்.”

நெற்றியில் வியர்வை துளித்துளியாக நின்றது. பசைக் கொதிகலன் பக்கத்தில் நிற்கிறவருக்கு வியர்ப்பது அதிசயம் இல்லை. ஆனால் இந்த வியர்வைக்கு நெற்றி ஜில்லென்று இருந்தது.

“எங்க வலிக்குது?”

“வலியெல்லாம் இல்ல. கொஞ்சம் பாரமா இருக்கு. தாடை வரைக்கும்.”

“எப்போலேர்ந்து?”

“இப்பத்தான்.” இதைச் சொல்லும்போது அவர் சிஸ்டரைப் பார்க்கவில்லை. வாசலில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்தார். “அவசரமே இல்ல சிஸ்டர். உடம்புக்கும் இல்ல, ஆளுக்கும் இல்ல. டாக்டரம்மா ஒரு மணிக்கு வருவாங்கல்ல, அப்ப காட்டிக்கறேன்.”

எந்நேரமும் அவசரம் அவசரம் என்றே பேசுகிற ஆள். அவரே இல்லை என்கிறார். பொய் சொல்வானேன், ஒரு நொடி சிஸ்டரும் அந்தப் பலகையைப் பார்த்தார். டயாலிசிஸ் கட்டிலில் அப்பா கையை நீட்டிப் படுத்திருப்பது கண்முன் வந்துபோனது. ஒரே நொடிதான். அடுத்த நொடி மேசை டிராயரைத் திறந்து ஆஸ்பிரினை எடுத்தார்.

“இத மென்னு முழுங்குங்க. எழுந்திருக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

“சிஸ்டர், அறுபத்திமூணு ஆயிடும்.”

“ஆனா ஆகட்டும். வாயை மூடுங்க.”

சீட்டு எழுதவே இல்லை. போனில் வேனைக் கூப்பிட்டார். இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். சிஸ்டரும் வேனில் ஏறிக்கொண்டார். வழி நெடுகப் பசை அண்ணனின் மணிக்கட்டை விடவில்லை. அவசரப் பிரிவில் ஈ.சி.ஜி. எடுத்த டாக்டர் காகிதத்தைப் பார்த்ததும் ஓடினார். ரத்தக்குழாயில் அடைப்பு. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் தாங்கியிருக்காது என்று பிறகு சொன்னார்கள். டாக்டரம்மா வரும் ஒரு மணிக்கு அப்போது மூன்று மணி நேரம் இருந்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அப்பா வழக்கம்போல், “எத்தனை ஏறிச்சு?” என்றார்.

“ஒண்ணு ஏறிடுச்சுப்பா. அறுபத்திமூணு.”

“ஏறின ஆளு பொழச்சாரா?”

“பொழச்சிட்டார்.”

“அப்ப ரைட்டு” என்றார் அப்பா. சிஸ்டர் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

மறுநாள் எச்.ஆர். சார் கூப்பிடும்வரை காத்திருக்காமல் தானே போனார்.

“அறுபத்திமூணு சார். நான்தான் அனுப்பினேன். எழுதிக்குங்க.”

எச்.ஆர். சார் கம்ப்யூட்டரைப் பார்த்தார். “இல்லையே சிஸ்டர். ஐம்பத்திமூணுன்னுதானே இன்ஷூரன்ஸ்காரங்க அனுப்பியிருக்காங்க. ஜெயிச்சுட்டோம்.”

“அது எப்படி சார்? நான் ஒண்ணு விடாம எண்ணியிருக்கேன்.”

“பெட்ல சேர்த்தவங்களை அவங்க எண்ண மாட்டாங்க. பத்து பேரு. நேத்து போனவரையும் சேர்த்து.”

சிஸ்டர் அந்தப் பழைய கடிதத்தைக் கேட்டு வாங்கினார். ஆறு மாதத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதைப் படித்தார். நாலாவது வரியில் இருந்தது: ‘மருத்துவத் தேவையற்ற அவசரப் பிரிவு வருகைகள்’. தேவையற்ற. அந்த ஒரு வார்த்தை.

“இந்த வார்த்தைய நீங்க சொல்லவே இல்லையே சார்.”

“சொல்லலையா? அது அப்படித்தானே சிஸ்டர், சொல்லாமலே புரியுமே.”

சிஸ்டருக்கு வந்த கோபத்துக்கு அந்த மேசையைப் புரட்டியிருப்பார். ஆனால் படித்துப் பார்க்காதது தானும்தானே. அப்பாவுக்குத் திட்டம் மிஞ்சியது என்ற சந்தோஷம் நெஞ்சுக்குள் வந்த அதே வேகத்தில் இன்னொன்றும் வந்தது. கை மாட்டியவன், வலிப்பு வந்தவள், எல்லோரையும் ஒரே பலகையில் ஒரே எண்ணில் எழுதியது அவர்தான். அதை வாசலில் மாட்டியதும் அவர்தான். அறைக்கு வந்து பலகையைக் கழற்றி, கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பிறகு அதை எடுத்து வெளியே குப்பையிலேயே போட்டார்.

சனிக்கிழமை அப்பாவுக்கு டயாலிசிஸ். நாலு மணி நேரம் முடியப் போகிற சமயத்தில் அவரை அங்கே விட்டுவிட்டு சிஸ்டர் மாடியேறி இருதய வார்டுக்குப் போனார். பசை அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்ல வேளை சிஸ்டர், நீங்க கூட்டிட்டு வந்தீங்க. அன்னைக்கு விடியக்காலையிலேயே நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கெஞ்சினேன். இன்னைக்கு ஒருநாள் போகட்டும், இன்னைக்குப் போனா சிஸ்டரோட அப்பாவுக்குத் திட்டம் போயிடும்னுட்டு வேலைக்குக் கிளம்பிட்டாரு.”

சிஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“ஏண்ணே இப்படிச் செஞ்சீங்க?”

“பதினோரு தடவை சும்மா போனவன் சிஸ்டர். ஒரு தடவையாவது பொறுத்துக்கலாம்னு நினைச்சேன்.”

“தப்பு என்னோடது” என்றார் சிஸ்டர். “நிஜமா முடியாம போறவங்களை எண்ணவே கூடாதாம். நான்தான் தெரியாம எல்லாத்தையும் சேர்த்துப் பலகையில எழுதி உங்களைப் பயமுறுத்திட்டேன். என்னை மன்னிச்சிடுங்க. இனிமே யாரோட அப்பாவுக்காகவும் நெஞ்சுவலிய மறைக்காதீங்க. எனக்கு அத விடப் பெரிய தண்டனை வேண்டாம்.”

அதற்குள் அப்பா கையில் பிளாஸ்திரியோடு மாடியேறி வந்துவிட்டார். டயாலிசிஸ் முடிந்ததும் அரை மணி நேரம் அசையக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்கிற ஜென்மம் இல்லை. வார்டு வாசலில் நின்று பேச்சைக் கேட்டவர், கட்டிலில் இருந்தவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“எனக்காக விடியக்காலையிலேர்ந்து ஃபுட்போர்டுல தொங்கின ஆளு நீதானா?”

“ஆமாங்கய்யா.”

“நான் கண்டக்டரா இருந்தா உன்னை அப்பவே இறக்கிவிட்டிருப்பேன்” என்றார் அப்பா. பக்கத்தில் வந்து, பசை உரிந்த அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு நின்றார். விடவே இல்லை.

பசை அண்ணனுக்குக் கூச்சமாகப் போயிற்று. சிஸ்டர் பக்கம் திரும்பினார்.

“அப்ப நான் இந்தத் தடவை வந்தது எண்ணிக்கையிலேயே இல்லையா சிஸ்டர்?”

“இல்லண்ணே.”

“வாய்ப்புண்ணுக்கு வந்தேன், எழுதிக்கிட்டாங்க. வயித்துப் பொருமலுக்கு வந்தேன், எழுதிக்கிட்டாங்க. செத்துப் பொழச்சு வந்திருக்கேன், இத மட்டும் விட்டுட்டாங்களா?”

அவர் மனைவிதான் முதலில் சிரித்தார். பசை அண்ணன் சிரிக்கப் போய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “சிரிக்காதீங்கண்ணே, வலிக்கும்” என்று சொல்லிக்கொண்டே சிஸ்டர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். நாடி சீராக இருந்தது.